குதிரையைப் பார்க்கப் போறேன், ஆபீசர்!

2020 ஆகஸ்ட் 1. ஆஸ்திரேலியப் பந்தயக் குதிரைகள் அத்தனைக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள்! எந்த மாதம், எந்தப் பண்ணையில் பிறந்திருந்தாலும் சரி, ஆகஸ்ட் 1 வந்துவிட்டால் தென்கோளத்துப் பந்தயக் குதிரைக்கு ஒரு வயது கூடிவிடும். பதிவேட்டு விதி அப்படி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்ன் நகரத்துக்குப் பேரிடியாக ஓர் அறிவிப்பு வந்தது. விக்டோரியா மாநில பிரீமியர் டேனியல் ஆண்ட்ரூஸ், கொரோனா இரண்டாம் அலைக்காகப் பேரிடர் நிலையை அறிவித்தார். அன்று இரவே ஊரடங்கு. இரவு 8 மணியிலிருந்து காலை 5 மணிவரை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. பகலிலும் வீட்டைவிட்டு 5 கிலோமீட்டர் தாண்டக் கூடாது. உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம். கடைக்குப் போக வீட்டுக்கு ஒருவர்.

இப்போது கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஊரடங்கு முடிவது காலை 5 மணிக்கு. பந்தயக் குதிரைகள் பயிற்சிக்காகத் தடத்தில் இறங்குவதோ அதிகாலை 4 மணிக்கு! அப்படியென்றால் அவற்றைத் தடவிக்கொடுத்து, சேணம் பூட்டி, ஏறி ஓட்ட வேண்டிய ஆட்கள் 3 மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். ஐம்பது லட்சம் பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நகரத்தில், கும்மிருட்டில், காரை எடுத்துக்கொண்டு! அவர்கள் எப்படிப் போனார்கள், யார் விட்டார்கள், வழியில் போலீஸ் என்ன கேட்டது என்று தேடப் போனால் ஒரு தனி உலகமே திறந்துகொள்கிறது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். இங்கிலாந்தில் மார்ச் 18 முதல் ஜூன் 1 வரை குதிரைப் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள். விக்டோரியாவில் நிறுத்தவில்லை. ஃப்ளெமிங்டன், காஃபீல்டு, மூனி வேலி, சாண்டவுன் என்று எல்லா மைதானங்களிலும் ஆளே இல்லாத அரங்குகளுக்கு முன்னால் குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. மார்ச் மாதம் முதல் ரசிகர்கள் உள்ளே இல்லை. உரிமையாளர்களும் இல்லை! மாதாமாதம் பயிற்சிக்கும் தீனிக்கும் பணம் கட்டுகிற மனிதர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டும். அந்தக் குதிரையின் சாணியை அள்ளுகிற தொழிலாளி மட்டும் உள்ளே போகலாம். நம் ஊர்ப் பந்தய லாயங்களில் சைஸ் என்கிறோமே, அவரைத்தான் அங்கே ஸ்ட்ராப்பர் என்கிறார்கள். 2020இல் மெல்பர்ன் பந்தய உலகத்தின் கதவுகள் எல்லாம் திறந்தது அந்த ஸ்ட்ராப்பருக்குத்தான். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

சரி, நடுச்சாலையில் என்ன நடக்கும்? கையில் இருக்க வேண்டியவை இரண்டு: புகைப்பட அடையாள அட்டை ஒன்று, வேலைக்கான அனுமதிச் சீட்டு ஒன்று. ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி நடைமுறைக்கு வந்த இந்தச் சீட்டை எல்லாரும் ‘பெர்மிட்’ என்றே சொன்னார்கள். ஒரே பக்கம். முதலாளியின் பெயர், நிறுவனப் பதிவு எண், முகவரி. தொழிலாளியின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி. எந்த இடத்தில் வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. கீழே இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்! போனில் படம் எடுத்து வைத்திருந்தாலும் போதும்.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். ஆகஸ்ட் என்றால் அங்கே நடுக்குளிர் காலம். சாலையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல்கிறது. கார் நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது. உள்ளே முகக்கவசம் போட்ட ஓர் ஆள். முழங்கால்வரை பூட்ஸ். பின் சீட்டில் ஹெல்மெட், சவுக்கு, சேணத்துக்குக் கீழே போடும் துணி. மிதியடி முழுக்க வைக்கோல் துணுக்கு. குதிரை வாசனை காருக்குள் நிரந்தரமாகக் குடியேறியிருக்கும். அது எத்தனை முறை கழுவினாலும் போகாது. போலீஸ்காரர் டார்ச் அடித்து, போனில் இருக்கிற பெர்மிட்டைப் பார்க்கிறார். வேலை நேரம் ‘காலை 4 மணி’ என்று போட்டிருக்கிறதா? இடம் கிரான்பர்னா? அந்தச் சாலை கிரான்பர்னுக்குப் போகிற சாலைதானா? மூன்றும் பொருந்தினால் வண்டி நகரலாம். மூன்றில் ஒன்று இடித்தாலும் 1,652 டாலர் அபராதம் காத்திருக்கிறது. அன்றைய மதிப்பில் நம் பணம் 80,000 ரூபாய்க்கு மேல்! ஒரு ஸ்ட்ராப்பருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட அம்சம் ஒன்று உண்டு. பொய்யாக பெர்மிட் எழுதிக் கொடுத்தால் முதலாளியின் கழுத்துக்குத்தான் கத்தி வரும். தனிநபருக்கு 19,826 டாலர்வரை, நிறுவனத்துக்கு 99,132 டாலர்வரை தண்டம். நட்டநடு இரவில் போலீஸ் முன்னால் நிற்பது என்னவோ ஏழைத் தொழிலாளிதான்; ஆனால் “இவர் இந்த நேரத்தில் வந்தே ஆக வேண்டும்” என்று பொறுப்பேற்று எழுதுவது டிரெயினர். பொறுப்பு மேலே இருப்பவரிடம் இருந்தது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ ஊரடங்குகளில், காலை நேரத்து வேலைக்காரர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் லத்தியடி வாங்கியதைப் பார்த்த நமக்கு இது பெரிய விஷயம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பெர்மிட்டை வாங்கிவர முதல் நாள் அது இல்லாமலே போகலாம் என்றுகூட விதியில் இடம் வைத்திருந்தார்கள்!

தடத்தில் பயிற்சிக்குக் குதிரை ஓட்டும் டிராக் ரைடர்கள் பலருக்கு ஒரே முதலாளி கிடையாது. காலையில் இவர் லாயத்தில் மூன்று குதிரை, அடுத்து பக்கத்து லாயத்தில் நாலு குதிரை என்று தலைக்கு இவ்வளவு கூலி பேசி ஓட்டுகிறவர்கள் அவர்கள். இந்தியாவிலிருந்து போய் இந்த வேலை செய்கிறவர்களும் அங்கே உண்டு. வேலை ஒன்று, ஆனால் காகிதத்தில் நேரமும் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவரானால் முதலாளி இடத்திலும் தொழிலாளி இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். லாடம் அடிக்கிறவர்கள் பலர் தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள். அவர்களுக்கு இந்த வழி. குதிரைக்குக் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கி லாடத்தை மாற்றியாக வேண்டும். ஊரடங்கு முடியட்டும் என்று குளம்பு காத்திருக்குமா?

நகரத்துக்குள் இந்தக் கதை என்றால், நகரத்தின் எல்லையில் வேறு கதை. மெல்பர்னைச் சுற்றியிருந்த பெரிய சாலைகளில் எல்லாம் ஜூலை மாதமே சோதனைச் சாவடிகள் முளைத்துவிட்டன. போலீசுக்குத் துணையாக ராணுவத்தினரும் நின்றார்கள். இந்தச் சுற்று வட்டத்துக்கு ‘எஃகு வளையம்’ என்றே பெயர். ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில் லிட்டில் ரிவர் அருகே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஜூலை மாதம் கோட்டுக்கு உள்ளே மெல்பர்னோடு மிட்செல் வட்டாரமும் சேர்க்கப்பட்டிருந்தது; கில்மோர் பந்தய மைதானம் அங்கேதான் இருக்கிறது. பல்லாரட், ஜீலாங் மைதானங்கள் கோட்டுக்கு வெளியே! ஒரே டிரெயினருக்குக் காஃபீல்டில் ஒரு லாயம், பல்லாரட்டில் ஒரு லாயம் என்று இருந்ததும் உண்டு. நேற்றுவரை ஒரே தொழில், ஒரே குடும்பம் மாதிரி இருந்தது. இன்று நடுவில் ஒரு போலீஸ் சாவடி. குதிரையை ஏற்றிவரும் வண்டியை அங்கே ஃப்ளோட் என்பார்கள். ஃப்ளோட் வந்து நின்றால் போலீசின் கேள்விகள் ஓட்டுநருக்குத்தான். பின்னால் நிற்கிற அரை டன் பயணியிடம் யாரும் பெர்மிட் கேட்கவில்லை!

எதற்கு விடுவார்கள், எதற்கு விடமாட்டார்கள் என்பதற்கு அந்த ஜூலையில் ஊரே பேசிய ஒரு சம்பவம் இருக்கிறது. ஒருவருக்கு பட்டர் சிக்கன் சாப்பிட ஆசை. வெர்ரிபியிலிருந்து கிளம்பி 32 கிலோமீட்டர் தள்ளி நகரத்தின் நடுவில் இருக்கும் இந்திய உணவகத்துக்கே கார் ஓட்டிப் போய்விட்டார். போலீஸ் பிடித்தது. அபராதம் 1,652 டாலர். உலகம் முழுக்கச் செய்தி! அதே வெர்ரிபியில்தான் வெளிநாட்டுப் பந்தயக் குதிரைகள் வந்து இறங்கும் தனிமைப்படுத்தும் மையம் இருக்கிறது. 32 கிலோமீட்டர் பட்டர் சிக்கனுக்குத் தண்டம். அதைவிட நீளமான தூரத்தை இருட்டில் கடந்து தீவனம் வைக்கப் போனவருக்கு வழி உண்டு. பசிதான் இரண்டுக்கும் காரணம் என்றாலும், அரசு மதித்தது குதிரையின் பசியைத்தான்.

அப்படி மதித்ததில் நல்ல அறிவு இருக்கிறது. குதிரையின் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இவ்வளவு பெரிய பிராணிக்கு வயிற்றுப்பை சின்னது. மேய விட்டால் ஒரு நாளில் பதினாலு, பதினைந்து மணி நேரம்கூட மென்றுகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அந்த உடம்பே அமைந்திருக்கிறது. ஒவ்வாதது உள்ளே போனால் வாந்தி எடுக்கக்கூட முடியாது. வயிற்றுவலி வந்தால், குதிரைக்காரர்கள் நடுங்குகிற அந்தக் ‘கோலிக்’, சில மணி நேரத்தில் உயிரையே குடித்துவிடும். பயிற்சியில் இருக்கும் குதிரையை இரண்டு நாள் அப்படியே நிற்கவிட்டுத் திடீரென்று ஓட்டினால் தசைகள் இறுகி நகர முடியாமல் நின்றுவிடும். அதனால்தான் பந்தயமே ரத்தானாலும் பயிற்சிக்கு லீவு கிடையாது.

பந்தயக் குதிரைக்காவது லாயத்தில் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆசைக்காக ஒரே ஒரு குதிரை வளர்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? மெல்பர்னில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். வீடு ஒரு பக்கம். குதிரை இன்னொரு பக்கம், வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி மேயவிடும் பண்ணையில். இதற்கு ‘அஜிஸ்ட்மென்ட்’ என்று பெயர். அந்தப் பண்ணைகள் பலவற்றில் புல்லும் வேலியும் மட்டும்தான் கிடைக்கும். தண்ணீர் பார்ப்பது, குளிருக்குப் போர்வை மாட்டுவது, பகலில் கழற்றுவது எல்லாம் உரிமையாளரின் பாடு. அவர்கள் 5 கிலோமீட்டரைத் தாண்டலாமா? பராமரிப்புக்குத் தாண்டலாம் என்றது அரசு. ஏறிச் சவாரி போகும் சந்தோஷமோ உடற்பயிற்சிக் கணக்கில் போய்விட்டது. அதற்கு 5 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்கிற பொது விதிதான்.

இது எத்தனை பெரிய வேதனை, எத்தனை பெரிய ஆறுதல்! ஊரில் பாட்டியைப் பார்க்க வழியில்லை. நண்பன் வீட்டு வாசலில் நின்று பேச வழியில்லை. ஆனால் ஒரு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நிற்க ஒரு வழி இருந்தது. போர்வையை மாற்றும் சாக்கில் அந்த மனிதர்களுக்கு மூச்சு விடக் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன். அது விதியை ஏமாற்றுவது இல்லை. விதியே கொடுத்த வரம்.

செப்டம்பர் வந்ததும் அவசரம் இன்னும் கூடியது. அங்கே அது வசந்தம். மழைக்குப் பிறகு வெயில் பட்டுப் புல் தளதளவென்று கிளம்பும். பார்க்கிற நமக்குத்தான் அழகு. மட்டக்குதிரைகளுக்கு அது ஆபத்து. இனிப்பு மிகுந்த அந்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நிற்கக்கூட முடியாமல் போகும். தினமும் யாராவது போய்ப் பார்த்து, புல்வெளியிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். அதே செப்டம்பர் 1ஆம் தேதிதான் பந்தயக் குதிரைகளின் இனப்பெருக்கப் பருவமும் தொடங்குகிறது. பந்தயக் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் அறவே கூடாது. பெண் குதிரையை வண்டியில் ஏற்றி ஆண் குதிரை இருக்கும் பண்ணைக்கே கொண்டுபோக வேண்டும். சினைக்காலம் 11 மாதம். இன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த ஆகஸ்ட் 1 கணக்கில் குட்டி பின்தங்கிவிடும். தாயும் பிறந்து சில வாரமே ஆன குட்டியுமாக வண்டிகள் அந்த வசந்தத்தில் சாலைகளில் போய்க்கொண்டுதான் இருந்தன. ஊர் முழுக்க அடங்கிக் கிடந்தபோது சம்பந்தம் பேசி மணமகளை வண்டியேற்றி அனுப்பிய ஒரே சமூகம் குதிரைச் சமூகம்தான்!

இந்த மனிதர்களுக்கு ஊரடங்கு புதிதே இல்லை என்பது அடுத்த ஆச்சரியம். 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குள் குதிரைக் காய்ச்சல் நுழைந்துவிட்டது. அப்போது நாடு முழுக்கக் குதிரைகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. குவீன்ஸ்லாந்தின் வார்விக் ஊரில் போட்டிக்காகக் குதிரைகளோடு வந்தவர்கள் அந்த மைதானத்திலேயே வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். சிட்னியின் வசந்தப் பந்தயங்கள் ரத்து. அன்றைக்கு மற்ற மனிதர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், குதிரை நகரக் கூடாது. பதின்மூன்று ஆண்டு கழித்து அப்படியே தலைகீழ்: குதிரைக்காக மனிதன் போகலாம்! பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்குவது, லாயம் மாறினால் கை கழுவுவது, யார் வந்தார் யார் போனார் என்று எழுதி வைப்பது எல்லாம் இவர்களுக்கு 2007இலேயே பழகிப்போன பாடம். வெளிநாட்டுக் குதிரை வந்தால் வெர்ரிபியில் 14 நாள் தனிமை என்பது கொரோனாவுக்கு முன்பிருந்தே வழக்கம். காலையில் குதிரைக்குத் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்ப்பதும் நல்ல லாயங்களில் அன்றாட வேலை. 2020இல் புதிதாகச் சேர்ந்தது, வாசலிலேயே சவாரிக்காரருக்கும் காய்ச்சல் பார்த்ததுதான்.

அக்டோபரில் உரிமையாளர்கள் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அக்டோபர் 24 அன்று மூனி வேலியில் காக்ஸ் பிளேட் பந்தயம். குதிரைகளோடு தொடர்புடையவர்கள் 500 பேர் வரலாம் என்று அக்டோபர் 20 அன்று அறிவிப்பு வந்தது. ஏழு மாதமாகத் தங்கள் குதிரையை நேரில் பார்க்காத மனிதர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் நகரத்தில் மற்றவர்கள் இன்னும் 25 கிலோமீட்டர் கட்டுக்குள் இருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போவதற்கே எண்ணிக்கைக் கணக்கு இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில், பந்தயத்துறை அமைச்சர் மார்ட்டின் பக்குலா அன்றிரவே அனுமதியைத் திரும்பப் பெற்றார். என்னைக் கேட்டால் அந்த முடிவு சரி. சாணி அள்ளப் போகிறவருக்குத் திறந்த கதவு அவசியத்தின் பெயரால் திறந்தது. கைதட்டப் போகிறவருக்கும் அதே கதவைத் திறந்தால், இருட்டில் பெர்மிட்டோடு நின்ற அத்தனை பேரின் மதிப்பும் குறைந்துபோயிருக்கும்.

நவம்பர் முதல் செவ்வாய், மெல்பர்ன் கோப்பை. 1861இல் தொடங்கிய பந்தயம். சாதாரணமாக 80,000 பேருக்கு மேல் திரளும் ஃப்ளெமிங்டனில் அன்று பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. ஜெயித்தது அயர்லாந்திலிருந்து வந்த ட்வைலைட் பேமென்ட். அதன் டிரெயினர் ஜோசப் ஓ’பிரையன் ஊரிலேயே இருந்துவிட்டார். மெல்பர்னில் பிற்பகல் 3 மணி என்றால் அங்கே அதிகாலை 4 மணி! இரண்டாவதாக வந்த டைகர் மாத் அவருடைய அப்பா ஏய்டனின் குதிரை. மகன் அப்பாவை முந்திய சேதி அந்த வீட்டுக்கு ஊர் விழிப்பதற்கு முன்பே வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு நள்ளிரவில் எஃகு வளையமும் கழன்றது.

ஆனால் பெர்மிட் கொடுத்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பது புரிந்தது அடுத்த ஆண்டுதான். 2021 ஆகஸ்டில் மறுபடி ஊரடங்கு. வேலைக்காகச் சுதந்திரமாகப் போய்வந்த ஜாக்கிகளில் ஐந்து பேர் மார்னிங்டனில் ஒரு வாடகை வீட்டில், ஊரடங்கு நேரத்தில் கூடினார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டியது. ஒரே சீசனில் மெல்பர்ன் நகர மைதானங்களில் 100 வெற்றியைத் தாண்டிய முதல் ஜாக்கி என்ற சாதனையைச் சில வாரம் முன்புதான் படைத்திருந்த ஜேமி கா அவர்களில் ஒருவர். மார்க் சாரா இன்னொருவர். தலைக்கு 5,452 டாலர் அபராதம். பந்தய நடுவர்கள் கொடுத்த தடை மூன்று மாதம். பகலெல்லாம் ஊரே அடைந்து கிடக்க, தங்களுக்கு மட்டும் வேலை இருந்ததே என்பதை நினைத்தால் அந்தத் தண்டனை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2020இல் வெர்ரி எலிகன்ட் என்ற பெண் குதிரைமேல் காஃபீல்டு கோப்பையை வென்றவர் இந்த சாரா. 2021 நவம்பர் 2 அன்று 10,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க அதே வெர்ரி எலிகன்ட் மெல்பர்ன் கோப்பையை அள்ளியது. சேணத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜேம்ஸ் மெக்டொனால்ட். சாராவின் தடை இன்னும் முடியவில்லை! மனிதர் துவண்டுபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 2022இல் கோல்ட் டிரிப் மேல் ஏறினார், மெல்பர்ன் கோப்பை. 2023இல் வித்தவுட் எ ஃபைட் மேல் ஏறினார், மறுபடியும் மெல்பர்ன் கோப்பை!